நிறுத்தும் உரிமை போதும்

வீட்டில் முப்பரிமாண பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்: உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கே சில மணி நேரம் பிடிக்கும், தலைக்கவசம் அளவுக்குப் போனால் ஒரு நாள்கூடத் தாண்டும். அதுவரை யாரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதில்லை. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் பிரிண்டரைக் கட்டுப்படுத்தும் ஆக்டோபிரிண்ட் மென்பொருளை ஏற்றி, ஒரு கேமராவை மாட்டிவிட்டு, வெளியே போய்க் கைப்பேசியில் பார்க்கிறோம்.

கேமரா காப்பாற்றுவது பிளாஸ்டிக் இழையைத்தான். அச்சு தட்டிலிருந்து பெயர்ந்து நூடுல்ஸ் குவியலாக மாறினால், பார்த்ததும் நிறுத்தலாம். ஆனால் முதல் அடுக்கு ஒட்டுகிறதா என்பதை நேரில் நின்று பார்த்த பிறகே நான் கதவைத் தாண்டுவேன். பல தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

தீயைக் கேமரா அணைக்காது. பி.எல்.ஏ. இழைக்கே அதை உருக்கும் நாசில் சுமார் 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக வேண்டும். வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் நழுவி வெளியே வந்துவிட்டால், சூடு போதவில்லை என்று நினைத்து ஹீட்டர் முழு வேகத்தில் எரியும். பிரிண்டரை உள்ளிருந்து இயக்கும் மார்லின் போன்ற ஃபர்ம்வேரில் இதைக் கண்டுபிடித்து நிறுத்தும் பாதுகாப்பு உண்டு. அது உங்கள் இயந்திரத்தில் விழித்திருக்கிறதா என்று சோதிப்பது எளிது. மின்சாரத்தைத் துண்டித்து ஹீட்டர் ஒயரைக் கழற்றுங்கள். மறுபடி இயக்கிச் சூடாக்கச் சொல்லுங்கள். சற்று நேரத்தில் பிழை காட்டி நிற்க வேண்டும். நிற்காத இயந்திரத்தைத் தனியே விடக் கூடாது.

ஹீட்டருக்கு மின்சாரம் விடும் மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் ஷார்ட் ஆனால் ஃபர்ம்வேரின் சொல்லும் எடுபடாது. அதனால் மெயின் மின்சாரத்தையே துண்டிக்கும் ரிலே ஒன்றைப் புகை உணரியோடு இணைத்திருக்கிறேன். அது இணையத்தை நம்பி இல்லை. ரவுட்டர் செயலிழந்தால் என் கைப்பேசிக்கும் இயந்திரத்துக்கும் தொடர்பே இருக்காதே. தொலைவிலிருந்து அணைக்க ஸ்மார்ட் பிளக்கும் உண்டு. சாதாரணமாக நிறுத்தும்போது நாசில் ஆறும்வரை விசிறி ஓடிய பிறகே அதை அணைப்பேன். இல்லாவிட்டால் சூடு மேலேறி இழை அடைத்துக்கொள்ளும். புகை வந்தால் அடைப்பைப் பற்றிக் கவலையில்லை, உடனே அணைத்துவிட வேண்டும்.

உறைந்துபோன வீடியோ இன்னொரு ஆபத்து. இணைப்பு அறுந்த பிறகும் கடைசிப் படம் சமர்த்தாகத் திரையில் நிற்கும். அதனால் கேமரா பார்வையில் விநாடி முள் ஓடும் கடிகாரம் ஒன்றை வைத்திருக்கிறேன்.

நாம் எட்டிப் பார்க்கும் ஜன்னல் வழியே மற்றவர்களும் நுழையலாம். 2018-இல் 3,700க்கும் மேற்பட்ட ஆக்டோபிரிண்ட் அமைப்புகள் இணையத்தில் திறந்து கிடந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டார்கள். ரவுட்டரில் போர்ட் திறக்காமல் வி.பி.என். வழியாக மட்டும் நுழையுங்கள். யாரும் நுழையாமலேகூட ஆபத்து நேரலாம்: 2023 ஆகஸ்டில் பிரிண்டர் தயாரிக்கும் பாம்பூ லேப் (Bambu Lab) நிறுவனத்தின் கிளவுடில் நேர்ந்த கோளாறால், சிலருடைய பிரிண்டர்கள் யாரும் சொல்லாமலே அச்சடிக்கத் தொடங்கின. ஆகவே தொலைவிலிருந்து நான் எதையும் தொடங்குவதில்லை. நிறுத்த மட்டுமே செய்வேன்.

லேசர் கட்டருக்கு இந்த ஏற்பாடுகள் எதுவும் போதாது. அது வெட்டுவதே எரித்துத்தான்; அக்ரிலிக் நொடியில் பற்றிக்கொள்ளும். லேசர் ஓடும்போது தீயணைப்பானோடு அருகிலேயே நில்லுங்கள். நிற்க நேரமில்லை என்றால், வேலையை நாளைக்குத் தள்ளிவையுங்கள்.