கார்புரேட்டர்

அண்ணன் கூலிவேலையில் சேர்த்த காசில் வாங்கிய பழைய ஸ்பிளெண்டர் எங்கள் வீட்டில் நிற்கிறது. கார்புரேட்டரில் அழுக்கடைத்தால் பாதி வழியில் இருமி நின்றுவிடும். ஒருநாள் ஊர்த்தெருக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் வந்த வண்டியெல்லாம் கிளம்பிப் போயின. "காலனி வண்டிதான, நிக்கட்டும்" என்றது காதில் விழுந்தது. எம்.ஏ. தமிழ் படித்த நான், பொழுதுசாய வாய்க்கால் கரையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு சுத்துக்கேணி வந்து சேர்ந்தேன்.

"ஒக்காருடா, கத்துக்க" என்றார் அண்ணன். வாசலில் வைத்துத்தான் செய்தார். அடுப்பு, பீடி எதுவும் கிட்டே கூடாது. பெட்ரோல் வழியை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே துருவும் பிசினும். கொஞ்சம் பெட்ரோல், பழைய பல் பிரஷ், சைக்கிள் பம்பு. அவ்வளவுதான். ஜெட் பித்தளை. கம்பி விட்டுக் குத்தினால் ஓட்டை பெரிசாகி வண்டி பெட்ரோலைக் குடிக்கும். பிரஷ் நாரால் துழாவி, பம்பால் காற்றடித்தார்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் புது வண்டிகளில் கார்புரேட்டர் பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. புது வண்டியில் போனாலும் எங்கள் ஆட்களுக்கு நிம்மதியில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் மாணவரின் கைகளை வெட்டினார்கள். புல்லட் ஓட்டியதற்காகத்தான் என்பது புகார்.

அந்தச் சேதி படித்த அன்று நானே கழற்றிக் கழுவி மாட்டினேன். கை நடுங்கியது. ஒரே உதையில் வண்டி எடுத்தது. ஊர்த்தெரு வழியாகவே போனேன்.