காலில் கட்டுப் போடுவதற்கு முன்



கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள். வீட்டில் வயதான வாப்பா, உம்மா இருப்பவர்களும், மலைக்குப் போய் கொழுந்து பறிப்பவர்கள், பால் வெட்டுபவர்கள் இருக்கும் குடும்பங்களும் கட்டாயம் வாசியுங்கள்.

நாங்கள் கணவன் மனைவி இருவரும் ஆசிரியர்கள். கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்த நாளிலிருந்து கேகாலை மாவட்டத்துத் தோட்டப் பாடசாலைகளில்தான் படிப்பிக்கிறோம். விஞ்ஞானத்தில் குருதிச் சுற்றோட்டம் வரும்போது, "நாடி இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போகும், நாளம் இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வரும்" என்று பிள்ளைகளைச் சொல்ல வைப்போம். 1628 இல் வில்லியம் ஹார்வி தன் புத்தகத்தில் காட்டியது போல, ஒரு பிள்ளையின் மேற்கையில் நாடாவைக் கட்டி, புடைத்து வரும் நாளத்தில் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவோம். இவ்வளவையும் படிப்பித்த எங்களுக்கு, எங்கள் வீட்டில் வந்தது நாடி நோயா நாள நோயா என்று தெரியாமல் போனது. அந்தக் கதையைத்தான் எழுதுகிறோம்.

முதலில் ஒரு தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாடசாலைக்கு வராமல் இருந்தாள். லயத்துக்குப் போய்ப் பார்த்தோம். அம்மாவுக்குக் காலில் புண். உள்பக்கக் கணுக்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அளவு. சுற்றியுள்ள தோல் கறுத்துத் தடித்திருந்தது. மூன்று வருடமாக மஞ்சளும் பச்சிலையும் வைத்துக் கட்டி வந்திருக்கிறார். புண்ணின் மணத்துக்கு வெட்கப்பட்டு கோயிலுக்குக்கூடப் போவதில்லை. "பின்நேரமானா கால் வீங்கிரும் டீச்சர், காலத் தூக்கி வச்சுப் படுத்தா வத்திரும்" என்றார்.

கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். டொக்டர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது நாளத்தில் வந்த புண் என்றார். வருடக்கணக்காகச் சரிவில் பாரத்தோடு நின்று வேலை செய்வதும், அடுத்தடுத்த பிள்ளைப்பேறும் காலின் நாள வால்வுகளைத் தளர்த்திவிடும். மேலே போக வேண்டிய இரத்தம் கீழேயே தேங்கும். தேங்கினால் தோல் கெடும், சின்ன அட்டைக்கடி கூடப் புண்ணாகி ஆறாது. மருந்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கமான பெண்டேஜ் கட்டு, வாரத்துக்கு ஒரு முறை மாற்றுவது, படுக்கும்போது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைப்பது, நடப்பது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒரு பம்பு போல இரத்தத்தை மேலே தள்ளும். ஐந்து மாதத்தில் புண் மூடியது. மகள் திரும்பவும் ஒழுங்காகப் பாடசாலைக்கு வந்தாள். நாங்களும் பெரிய காரியம் செய்தது போலச் சந்தோஷப்பட்டோம்.

அடுத்த வருடம் வாப்பாவின் கால்.

வாப்பா புடவை வியாபாரி. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத் தோட்டங்களில் முப்பது வருடம் பொட்டணியைத் தோளில் போட்டுக்கொண்டு லயம் லயமாக ஏறி இறங்கியவர். சிகரட் விடாதவர். கொஞ்ச நாளாகப் பள்ளிவாசல் ஏற்றத்தில் ஒரே இடத்தில் நின்றுவிடுவார். கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது என்பார். இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும், மறுபடி நடப்பார். அங்கே ஒரு கடை இருந்ததால், கதைப்பதற்காக நிற்கிறார் என்றே நாங்கள் நினைத்தோம். வயசும் போய்விட்டது, நடந்து தேய்ந்த கால் என்று விட்டுவிட்டோம்.

பிறகு இரவில் தூக்கம் போனது. கட்டிலில் படுத்தால் பாதம் எரிகிறது என்று எழும்பிக் கதிரையில் உட்காருவார். "காலத் தொங்கப் போட்டாத்தான் சுகமா ஈக்கிது" என்பார். இரவு முழுக்கக் காலைத் தொங்கப் போட்டால் வீங்கத்தானே செய்யும்? பாதம் சிவந்து வீங்கியிருந்தது. பெருவிரல் நுனியில் சின்னப் புண். எங்களுக்கு உடனே அந்தத் தாயின் கால் ஞாபகம் வந்தது. அதே வீக்கம், அதே புண் என்று நினைத்தோம். பார்மசியில் பெண்டேஜ் வாங்கி, பாதத்திலிருந்து முழங்கால் வரை இறுக்கிக் கட்டி, தலையணை வைத்துக் காலை உயர்த்திப் படுக்க வைத்தோம். வலிக்கிறது என்றார். "கொஞ்சம் பொறுங்க வாப்பா, ஆறத்தான் வலிக்குது" என்றோம். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது இரண்டு விரல் கறுத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பாதத்தின் மேலும் உள்பக்கக் கணுக்காலுக்குப் பின்னாலும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு சின்ன மெஷினை வைத்தார். நல்ல காலில் 'வுஷ் வுஷ்' என்று சத்தம் வந்தது. மற்றக் காலில் ஒன்றும் வரவில்லை. கொழும்புக்கு அனுப்பினார்கள். அடைப்பைத் திறக்க முயற்சி செய்தார்கள், காலம் கடந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது.

நோய் பல வருடம் பழையது, சிகரட்டில் வளர்ந்தது, கட்டு மட்டும் காரணம் இல்லை என்று டொக்டர் எங்களைத் தேற்றினார். உண்மையாக இருக்கலாம். ஆனால் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருந்த இரத்தத்தையும் இறுக்கி நிறுத்தியது எங்கள் கைதான். ஒரு காலை ஆற வைத்த அதே கட்டு, இன்னொரு காலுக்கு எதிரியானது. இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறோம்.

வித்தியாசம் இவ்வளவுதான். நாள நோயில் இரத்தம் திரும்பி மேலே போவதில்லை. அதனால் நின்றால் பாரமும் வீக்கமும் கூடும், காலை உயர்த்தினால் குறையும். புண் பெரும்பாலும் கணுக்காலுக்கு மேலே வரும். நாடி நோயில் இரத்தம் கீழே வந்து சேர்வதில்லை. நடந்தால் வலிக்கும், நின்றால் விடும். முற்றினால் இரவில் வலிக்கும், காலைத் தொங்கப் போட்டால் சுகமாக இருக்கும். பாதம் குளிர்ந்து, தோல் மினுங்கி, காலின் மயிர் உதிர்ந்துபோகும். புண் விரல் நுனியிலும் குதிக்காலிலும் வரும். முதலாவதுக்குக் கட்டு மருந்து. இரண்டாவதுக்கு, டொக்டர் சொல்லாமல் இறுக்கமான கட்டோ இறுக்கமான மேஸோ போடவே கூடாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கணுக்காலில் பிரஷர் எடுத்து, அதைக் கைப் பிரஷரால் வகுப்பார்கள். 0.9 க்குக் குறைந்தால் நாடியில் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். நேரத்தோடு போனால் சிகரட், சுருட்டு, வெற்றிலையோடு போடும் புகையிலை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார்கள். இரத்தம் உறையாமலிருக்கவும் கொழுப்புக் குறையவும் குளிசை தருவார்கள். வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பார்கள். பலருக்கு இதுவே போதும். வாப்பா ஏற்றத்தில் நின்ற அந்த நாட்களில் கூட்டிப் போயிருந்தால் என்று இன்றும் யோசிக்கிறோம்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் இன்னும் கவனம். அவர்களுக்குப் பாதம் மரத்துப் போவதால் வலி கூட வராது. கொல்லிமலையில் பிறந்த டொக்டர் போல் பிராண்ட் 1946 இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்தபோது, விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் காயத்தைக் கவனிக்காமல்தான் போகிறது என்று கண்டார். பிறகு சீனி வருத்தக்காரரின் பாதத்துக்கும் அதே பாடத்தைச் சொன்னார். வலி இல்லை என்பது சுகம் என்று அர்த்தமில்லை. கண்ணால் பார்க்க வேண்டும். கணுக்கால் பிரஷர் கணக்கும் சீனி வருத்தத்தில் சில நேரம் ஏமாற்றிவிடும் என்பதால், டொக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தட்டிக்கழிக்க வேண்டாம்.

நாம் ஒரு நாளைக்கு ஐந்து வேளை வுழூ செய்கிறோம். விரல் இடுக்கைக் கோதிக் காலைக் கழுவுகிறோம். கழுவும்போது ஒரு முறை குனிந்து பாருங்கள். வெடிப்பு, நிறம் மாறிய இடம், ஆறாத கீறல் இருக்கிறதா? பிறகு விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்து கால் கழுவும் எங்கள் தோட்டத்து உறவுகளும் அப்படியே பாருங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத எந்தப் புண்ணையும் டொக்டரிடம் காட்டுங்கள். "பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று பாருங்க" என்று வாய் திறந்து கேளுங்கள். அதில் வெட்கம் இல்லை.

ஒரு கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, தாங்க முடியாமல் வலித்தால் சில மணி நேரம்தான் கையில் இருக்கிறது. உடனே 1990 சுவசெரியவுக்கு எடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் சூடாக வலித்தால், எண்ணெய் போட்டு உருவவே வேண்டாம். உள்ளே உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய்விடலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வாப்பா இப்போது கதிரையில் இருந்து தொழுகிறார். சிகரட்டை விட்டுவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஒவ்வொரு வக்துக்கும் வுழூ செய்யும்போது ஒரு காலைத்தான் கழுவுகிறார். தண்ணீர் ஊற்றுவது எங்கள் மூத்தவன். அந்த ஒரு காலின் ஐந்து விரலையும் அவன் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்துத் துடைத்து விடுகிறான். நாங்கள் சொல்லிக் கொடுத்ததல்ல, அவனாகப் பழகிக்கொண்டது.

வாப்பாவுக்காகத் துஆ செய்யுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் மூத்தவர்களின் பாதத்தை ஒரு தடவை தொட்டுப் பாருங்கள்.