அஞ்சாமை என்னும் ஆற்றல்

செஞ்சிப் பகுதியில் உள்ள எங்கள் அனந்தபுரத்தார்க்குத் திரௌபதி புதியவள் அல்லள். செஞ்சியை அடுத்த மேலச்சேரித் திரௌபதியம்மன் கோயிலை அவ்வழிபாட்டின் முதற்கோயில் என்று அடியார் போற்றுவர். துகிலுரிதல் கூத்தினை விடியுமளவும் விழித்திருந்து கண்டு வளர்ந்தவன் யான். வில்லும் வாளும் ஏந்தாத பாஞ்சாலி, அவையோரை நோக்கி அறம் யாதென வினவினாள். அவ்வினாவே அவள் படைக்கலம்.

அண்மையில் என் பெயர்த்தி ஒரு படக்கதையைக் காட்டினாள். 'பிரியாவின் சக்தி' என்பது அதன் பெயர். 2012-ஆம் ஆண்டு தில்லியில் ஓர் இளம்பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையால் நாடே கொதித்தது. அதன்பின் ராம் தேவினேனி முதலியோர் 2014-இல் படைத்த கதை இது. பிரியா சிற்றூர்ப் பெண். தீயோரால் துன்புற்ற அவளை வீட்டாரே பழித்தனர். காடு புகுந்தவளைப் புலியொன்று தொடர்ந்தது. பார்வதியின் அருளால் அச்சம் நீங்கிய அவள், அப்புலியையே ஊர்தியாகக் கொண்டாள். புலியின் பெயர் சாகஸ். துணிவு என்பது அதன் பொருள்.

படக்கதை வீரர் பலர் வானில் பறப்பர், மலையையும் பெயர்ப்பர். பிரியாவோ ஊர்க்கு மீண்டு, நாணாது உண்மை உரைத்தாள். நாண வேண்டியவர் தீங்கு செய்தவரேயன்றித் தீங்குற்றவர் அல்லர் அன்றோ!

மாணவர்களே! பாஞ்சாலி வினவியபோது விகர்ணன் முதலிய சிலரே அவள்பக்கம் நின்றனர். கற்றறிந்த பெரியோர் பலர் வாளா இருந்தனர். அஞ்சாது உரைத்தல் துன்புற்றவரின் ஆற்றல். அதனைச் செவிமடுத்து உடன்நிற்றல் நம் கடமை. அவையில் வாளா இருந்தோர் வரிசையில் நாமும் சேர்தல் ஆகாது.