ஏதிலியரும் உறவும்

அகதி யென்பது வடசொல். கதியற்றவர் என்பது அதன் பொருள். ஈழநாட்டார் அச்சொல்லினும் ஏதிலி என்னும் சொல்லை விரும்பி வழங்குவர். ஏதிலார் என்பது பண்டைத் தமிழில் அயலார், உறவில்லாதார் எனப் பொருள்படும். முதற்சொல் வந்தவரது குறையைச் சுட்ட, இரண்டாஞ்சொல் வந்தவர்க்கும் ஊரவர்க்கும் இடையே நிற்குங் குறையைச் சுட்டுகின்றது. கதியற்று வந்தார்க்கு உண்டியும் உறையுளும் போதும். உறவற்று வந்தார்க்கு அவை போதா.

இலங்கையில் 1983 ஆம் ஆண்டு ஆடித் திங்களில் நிகழ்ந்த கொடுமைக்குப்பின் தமிழ்மக்கள் பல்லாயிரவர் சேதுக்கரை யடைந்தனர். படகோட்டிகள் தனுக்கோடிக்கு அப்பாலுள்ள மணற்றிட்டிற் சிலரை இறக்கிவிட்டு மீண்டதும் உண்டு. அங்ஙனம் வந்தார் முதற்கண் சேர்க்கப்பட்டவிடம் மண்டபம் முகாம். இம்முகாம் முன்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லுங் கூலியாட்களை நோய்த்தடுப்பின் பொருட்டு நிறுத்திவைத்த இடமாம். பாட்டனார் போன வாயிலிலேயே பேரப்பிள்ளை அகதியாய் மீண்டு நின்ற குடும்பங்களும் உள. இதனை வினைப்பயன் என்று சொல்லிக் கடந்துபோதல் எளிது. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்குக் கருவியாவதன்றிப் பிறர் துன்பத்தைக் காணாதிருத்தற்கு ஒரு திரையாகாது.

அரசினர் அரிசியும் மாதப் பணமும் அளித்தனர். பள்ளியிற் பிள்ளைகளைச் சேர்த்தனர். 1984 இல் தோன்றிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டு தனித்து நோக்கத்தக்கது. அதனை நடத்தினோர் தாமும் ஏதிலியரே. முகாமிற் பிறந்த மகவுக்குப் பிறப்புச் சான்று பெறுவித்தல், மாணவர்க்கு மாலைப்பாடம் நடத்துதல், மனமுடைந்தார்க்கு அருகிருந்து ஆறுதல் கூறுதல் ஆகியன அவர் கைக்கொண்ட பணிகள். நனைந்தவனுக்கே ஈரத்தின் அருமை தெரியும்.

இளையான்குடிமாற நாயனார் வரலாற்றை ஓதுவோர் விதைநெல்லை அள்ளியதையும், கூரைக்கழியை அறுத்து விறகாக்கியதையுமே வியப்பர். அவற்றிற்கு முன் நாயனார் செய்தது யாது? மழையில் வந்த அதிதியின் ஈரமேனியை உலர்த்தி, இருக்க இடங் கொடுத்தார். யார், எவ்வூர், எத்துணை நாள் என்னும் வினா அங்கே எழவில்லை.

மாறனார் உபசரித்தது சிவனடியாரை. முகாமில் இருப்பாரோ பல சமயத்தார், வேடமில்லாதார். இவர்க்குச் செய்வது பசுபுண்ணியமேயன்றிச் சிவபுண்ணியம் ஆகாதெனச் சிலர் தடை கூறுவர். அற்றன்று. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் அமைத்த தண்ணீர்ப்பந்தல் வழிச்செல்வார் யாவர்க்கும் நிழலாயிற்று. அருணந்தி சிவாசாரியரும் சித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தில் அறங்களை எண்ணுமிடத்து, அன்பு, அருள் என்பவற்றோடு உபசாரத்தை வைத்து, அதனை யடுத்து உறவையும் வைத்தார். அவையெல்லாம் அருளாளனாகிய இறைவன் பணித்தனவே யென்பது ஆசிரியர் கருத்து. ஈவோன் யான் என்னும் முனைப்பு நிற்குமாயின் கோயிற்றிருப்பணியும் பசுபுண்ணியமாய் ஒழியும் என்க.

உபசாரம் சின்னாட்செயல், உறவு அங்ஙனமன்று. நாற்பதாண்டு கடந்தும் முகாம் முகாமாகவே யிருக்கின்றது. இந்நாட்டிற் பிறந்து, இந்நாட்டிற் கற்று, மணந்து, மக்களைப் பெற்றபின்னும் குடியுரிமை எய்தாதார் பலர். 2021 ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு முகாம்களுக்கு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. 7,469 புதிய வீடுகள் கட்டுவதாகவும் அறிவித்தது. நன்றே, ஆயினும் சுவர் எழுப்புதல் அரசினர்க்கு இயலும், அயல்வீட்டார் ஆதல் ஊரார்க்கே இயலும்.

2022 பங்குனியில், இலங்கையிற் பொருள்முடையால் வருந்திய குடும்பங்கள் மீண்டும் தனுக்கோடிக் கரையில் வந்திறங்கின. இலங்கைப் பள்ளிகளிற் சைவம் ஒரு பாடம். அந்நாட்டுச் சைவப் பிள்ளைகள் திருமுறைப் பாடல்களை வகுப்பிலேயே கற்று வருவர். முகாமுக்கு அண்மையிலுள்ள சைவசபையார் திருவிழாவிற் சோறிடும்போது அவரை வரிசையில் நிறுத்துதலினும், திருமுறை ஓதும்போது அவரையும் ஓத அழைத்தல் தக்கது. 1864 இற் சிதம்பரத்திற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி இந்நாட்டுப் பிள்ளைகளுக்குச் சைவங் கற்பித்த ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து நல்லூரினர்.