முதலில் வாசிப்பவர்கள்

அமெரிக்காவில் ராக் இசைக் கச்சேரியின் நுழைவுச்சீட்டில் பெரும்பாலும் இரண்டு நேரங்கள் அச்சிடப்பட்டிருக்கும். கதவு திறப்பது ஏழு மணி. நிகழ்ச்சி எட்டு மணி. எந்தக் குழுவின் பெயருக்காக நாம் பணம் கொடுத்தோமோ அந்தக் குழு இந்த இரண்டு நேரத்திலும் மேடைக்கு வராது. அவர்கள் வர ஒன்பதோ ஒன்பதரையோ ஆகும். இடைப்பட்ட பொழுது, சுவரொட்டியின் அடியில் சிறிய எழுத்தில் பெயர் போடப்பட்ட ஒரு குழுவுக்கோ இரண்டு குழுக்களுக்கோ உரியது. 'ஓப்பனிங் ஆக்ட்' என்பார்கள். நாம் தொடக்கக் குழு என்று வைத்துக்கொள்ளலாம். விவரம் தெரிந்த ரசிகர்கள் பலர் இந்த நேரத்தை இரவுச் சாப்பாட்டுக்கோ, அரங்கின் பின்பகுதியில் கோப்பையும் கையுமாக நின்று பேசுவதற்கோ ஒதுக்கிவிடுவார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கச்சேரி கேட்டு வருகிறேன். மனதில் தங்கிய இரவுகளை எண்ணிப் பார்த்தால், அவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சிறிய எழுத்துக்காரர்களுடையவை.

முன்னதாகவே போய் நிற்கும் வழக்கம் எனக்கு எந்த லட்சியத்தாலும் வந்ததல்ல. சான் பிரான்சிஸ்கோவின் புகழ்பெற்ற ஃபில்மோர் அரங்கில் தரைத்தளத்தில் நாற்காலி வரிசை கிடையாது. ஆயிரத்துச் சொச்சம் பேர் நின்றபடியே கேட்க வேண்டும். என் உயரத்துக்கு, கதவு திறந்தவுடன் உள்ளே புகுந்து முதல் இரண்டு வரிசைக்குள் இடம் பிடிக்காவிட்டால், முன்னால் நிற்பவரின் தோள்பட்டையைத்தான் இரவு முழுவதும் தரிசிக்க முடியும். ஆகவே ஏழு மணிக்கே போய்விடுவேன். வாசலுக்கு அருகே ஒரு பெரிய தொட்டியில் ஆப்பிள் பழங்கள் குவிந்திருக்கும். யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசில்லை. கூரையில் சரவிளக்குகள். மாடிச் சுவர்களில் இடைவெளியின்றிப் பழைய சுவரொட்டிகள். ஒரு கடித்த ஆப்பிளுடன் அந்தச் சுவர்களை வாசித்தாலே அமெரிக்க இசை வரலாற்றில் ஒரு பாடம் முடிந்துவிடும்.

அந்தப் பாடத்தின் ஆசிரியர் பில் கிரஹாம். 1931ல் பெர்லினில் பிறந்து, நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாக நியூயார்க் வந்து சேர்ந்த யூதர். 1965 டிசம்பரில் ஃபில்மோரில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தினார். 1968ல் அங்கிருந்து மார்க்கெட் தெருவிலிருந்த ஒரு நடன அரங்குக்கு மாறி, அதற்கு 'ஃபில்மோர் வெஸ்ட்' என்று பெயரிட்டார். கூட்டம் எந்தக் குழுவுக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் கூட்டம் தானாகத் தேடிப் போகாத ஒருவரை அதே இரவில் மேடையேற்றுவதுதான் அவருடைய சாமர்த்தியம். நீண்ட தலைமுடிக் கல்லூரி மாணவர்கள் தங்கள் அபிமான ராக் குழுவுக்காக வந்து, பி.பி. கிங்கின் ப்ளூஸையும் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். ஏறக்குறைய இருபது வருடங்களாகக் கறுப்பின மக்களின் அரங்குகளிலேயே வாசித்து வந்த பி.பி. கிங், 1967ல் அந்த வெள்ளை இளைஞர் கூட்டம் மொத்தமாக எழுந்து நின்று தன்னை வரவேற்றதைக் கண்டு மேடையிலேயே கண்ணீர் விட்டதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

என்னுடன் பணியாற்றி ஓய்வுபெற்ற மூத்த நண்பர் ஒருவர் அந்த மாணவர் கூட்டத்தில் ஒருவர். 1970 ஏப்ரலில், பத்தொன்பது வயதில், 'கிரேட்ஃபுல் டெட்' குழுவுக்காக ஃபில்மோர் வெஸ்டுக்குப் போனவர். அந்த நான்கு இரவுகளிலும் அவர்களுக்கு முன்னால் வாசித்தவர் மைல்ஸ் டேவிஸ். ஜாஸ் உலகின் சக்கரவர்த்தி, தன்னைவிட வயதில் மிக இளைய நீள்முடிக்காரர்களுக்குத் தொடக்கக் கலைஞராக நின்றார்! 'பிட்சஸ் ப்ரூ' வெளிவந்து இரண்டு வாரம்கூட ஆகாத நேரம். நண்பருக்கு ஜாஸ் தெரியாது. முதல் பத்து நிமிடம் அவர்கள் இன்னும் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைத்தாராம். இருபதாவது நிமிடத்தில் எதற்கென்று தெரியாமல் பக்கத்திலிருந்தவரின் கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்று 'டெட்' குழு என்னென்ன பாடல்களை வாசித்தது என்று அவருக்கு ஒன்றுகூட நினைவில்லை. அந்தக் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஃபில் லெஷ்ஷும், மைல்ஸுக்குப் பின் தாங்கள் எப்படி மேடையேறுவது என்று திகைத்து நின்றதைத் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். அந்த இரவுகளில் ஒன்றின் ஒலிப்பதிவு 'பிளாக் பியூட்டி' என்ற பெயரில் 1973ல் வெளிவந்தது.

ஒரு தொடக்கக் குழு எந்த நிலைமையில் வாசிக்கிறது என்பதை முன்வரிசையில் நின்றால்தான் பார்க்க முடியும். மேடையின் நடுவே பிரதானக் குழுவின் டிரம்ஸ் கறுப்புத் துணி போர்த்திய நிலையில் ஒரு யானையைப் போல நிற்கும். அதற்கு முன்னால் மிஞ்சிய சில அடி இடத்தில் இவர்கள் தங்கள் டிரம்ஸையும் ஒலிபெருக்கிகளையும் நெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் ஒலியைச் சரிபார்க்கும் முதல் உரிமை பிரதானக் குழுவுக்கு. அவர்கள் முடித்து, கதவு திறப்பதற்குள் மிச்சமிருக்கும் நிமிடங்களே இவர்களுக்கு. பல இரவுகளில் அதுவும் கிடைக்காது. முதல் பாட்டே ஒலிச் சோதனையாகிவிடும். விளக்குகளின் முழு ஜாலமும் பின்னால் வருபவர்களுக்காகச் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். முப்பது நிமிடம் கொடுத்தால் முப்பத்தொன்றாவது நிமிடத்தில் மேடையில் இருக்கக்கூடாது. முடிந்ததும் தங்கள் கம்பிகளைத் தாங்களே சுருட்டி எடுத்துக்கொண்டு இறங்குவார்கள். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால், சற்று முன் உயிரைக் கொடுத்துப் பாடிய அதே பெண், கூடத்தின் மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்று பனியன்களும் இசைத்தட்டுகளும் விற்றுக்கொண்டிருப்பாள். பல குழுக்களுக்கு அடுத்த ஊர் வரைக்குமான பெட்ரோல் செலவு அந்த மேசையிலிருந்துதான் வர வேண்டும்.

இத்தனைக்கும் மேல், கேட்பவர்கள் இவர்களை அழைத்தவர்கள் அல்ல. பிரதானக் குழு வரும்போது கூட்டம் பாதிக்கு மேல் தன் நினைவையே கேட்கிறது. கல்லூரி விடுதியில், பழைய காதலில், நீண்ட கார்ப் பயணத்தில் நூறுமுறை கேட்ட பாட்டு கண்முன் நிகழும்போது, மேடையில் சிறு பிசகு நேர்ந்தாலும் நம் மனம் அதை நிரப்பிக்கொள்கிறது. முன்பின் அறியாதவரின் பாட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. நாமும் தற்காப்பின்றி நிற்கிறோம். இது நல்ல பாட்டு என்று முன்கூட்டியே நமக்கு யாரும் சொல்லவில்லை; பிடிக்கிறதா இல்லையா என்பதை அந்தக் கணத்தில் நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. சிற்றிதழ் வாசகர்களுக்கு இது புதிய அனுபவமல்ல. தெரிந்த பெயரைத் தேடி இதழைப் புரட்டும்போது, முன்பு பார்த்தறியாத பெயரில் ஒரு கதை கண்ணில் பட்டு, இரண்டாவது பத்தியில் நிமிர்ந்து உட்கார்கிறோமே, அதே அனுபவம்தான். இன்று செயலிகள் நம் ரசனையைக் கணக்கிட்டு அடுத்த பாட்டைத் தாமே ஊட்டிவிடுகின்றன. நமக்குப் பிடிக்கும் என்று எந்தக் கணக்கும் சொல்லாத ஒன்றைக் காது கொடுத்துக் கேட்க வாய்க்கும் இடங்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

அழையாத விருந்தாளிகளிடம் கூட்டம் எப்போதும் கருணையோடு நடந்துகொண்டதில்லை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1967 ஜூன் 18 அன்று மான்டரே விழாவில் தன் கிதாருக்குத் தீ வைத்துப் பெயர் பெற்றார். அடுத்த மாதமே 'மங்கீஸ்' குழுவுக்குத் தொடக்கக் கலைஞராகச் சென்றார். தொலைக்காட்சிப் புகழ்பெற்ற தங்கள் நாயகர்களைக் காண வந்திருந்த சிறுமிகள், அவர் வாசிக்கும்போது நாயகர்களின் பெயர்களைச் சொல்லிக் கூவினார்கள். சில நிகழ்ச்சிகளோடு அவர் விலகிக்கொண்டார். 1981 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' குழுவுக்கு முன்னால் வாசிக்க வந்த பிரின்ஸின் மீது குப்பைகளை வீசி விரட்டினார்கள். மூன்றே ஆண்டுகளில் 'பர்ப்பிள் ரெயின்' வந்தது.

கருணையும் சில சமயம் விநோத வடிவம் எடுப்பதுண்டு. 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த வங்கதேச நிதி நிகழ்ச்சியின் மூலகாரணமே ரவிசங்கர்தான். அவர் கேட்டுக்கொண்டதால்தான் ஜார்ஜ் ஹாரிசன் அதை ஏற்பாடு செய்தார். ஆனால் கூட்டம் வந்தது ஹாரிசனுக்காக. ரவிசங்கரும் அலி அக்பர் கானும் முதலில் அமர்ந்து சிதாரையும் சரோதையும் சுருதி சேர்த்து முடித்தவுடன் அரங்கம் பலமாகக் கைதட்டியது. இதையே இவ்வளவு ரசித்தவர்கள் வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று நம்புவதாக ரவிசங்கர் சிரிக்காமல் சொன்னார். அந்தக் கைதட்டலை அறியாமை என்று நாம் கேலி செய்யலாம். எனக்கென்னவோ அதில் ஒரு நல்லெண்ணம் தெரிகிறது. எது இசை, எது ஆயத்தம் என்று தெரியாதபோதும் அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள் அல்லவா?

சிறிய எழுத்து பெரிய எழுத்தாக மாறும் தருணங்கள் ரசிகர்களிடையே புராணங்களாகிவிடும். 1991 டிசம்பர் 31 இரவு, சான் பிரான்சிஸ்கோவை ஒட்டிய டேலி சிட்டியின் 'கௌ பேலஸ்' அரங்கில் பிரதானக் குழு 'ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ்'. அவர்களுக்கு முன் 'நிர்வாணா', அதற்கும் முன் 'பேர்ள் ஜாம்'. இரண்டு வாரத்துக்குள் நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அன்று நான் இந்த நாட்டிலேயே இல்லை. என் பங்குக்குச் சொல்லிக்கொள்ள 2005 ஏப்ரல் இருக்கிறது: சான் ஹோசேயில் 'யூ2' குழுவுக்கு முன் டென்னசியைச் சேர்ந்த மூன்று சகோதரர்களும் ஒரு உறவுக்காரப் பையனும் பாதி காலியான இருக்கைகளைப் பார்த்து வாசித்தார்கள். அவர்கள் 'கிங்ஸ் ஆஃப் லியோன்'. 2010ல் கிராமி மேடையில் ஆண்டின் சிறந்த பதிவுக்கான விருதை வாங்கினார்கள். ஆனால் நான் அன்றே கண்டேன் என்று மார்தட்டிக்கொள்வதில் எனக்கு ஆர்வமில்லை. பந்தயக் குதிரையைக் கணிப்பதுபோல இசையைக் கேட்க முடியாது. என் அனுபவத்தில் பத்துத் தொடக்கக் குழுக்களில் ஆறு மறுநாளே மறந்துபோகும். இரண்டைச் சகித்துக்கொள்ள வேண்டும். மீதி இரண்டும் புகழ்பெற வேண்டிய அவசியமில்லை.

நம்மூர் மார்கழியிலும் இதற்கு ஓர் உறவுக்காரர் உண்டு. பகல் பன்னிரண்டு மணிக்கும் ஒன்றரை மணிக்கும் சபாக்களில் இலவசமாக நடக்கும் இளம் பாடகர்களின் கச்சேரிகளைச் சொல்கிறேன். கேன்டீன் வரிசை அரங்கின் வரிசையைவிட நீளமாக இருக்கும் அந்த வேளையில், முப்பது பேர் முன்னிலையில் ஒரு பெண் தோடியை எடுத்து ஆலாபனை செய்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, ஃபில்மோரின் எட்டு மணி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.

2020ல் நோய்த்தொற்று அரங்குகளின் கதவுகளை அடைத்தபோது முதலில் மூச்சுத் திணறியவை பெரிய விளையாட்டரங்குகள் அல்ல. இருநூறு, முந்நூறு பேர் கொள்ளும் சிறிய கூடங்களே. அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் நேரடி நிகழ்ச்சி அரங்குகளுக்கும் திரையரங்குகளுக்கும் உதவ 1500 கோடி டாலர் ஒதுக்கியது. அதற்குள் பல கூடங்கள் மூடிவிட்டிருந்தன. ஒரு சிறிய கூடம் மூடப்படும்போது, அங்கே இருபது முறை தவறிழைத்துக் கற்றுக்கொள்ளவிருந்த ஒரு குழுவின் இருபது இரவுகளும் அதனுடன் போய்விடுகின்றன.

மூத்த நண்பருக்கு இப்போது இரு காதுகளிலும் கருவி. உரத்த இசையை மணிக்கணக்கில் கேட்கக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் கச்சேரிகளை விடவில்லை, நேரத்தைப் பிரித்துக்கொண்டார். முழு விலைக்குச் சீட்டு வாங்கி, காதடைப்பானும் வைத்துக்கொண்டு, தொடக்கக் குழுவை மட்டும் கேட்டுவிட்டு, மேடை மாற்றும் இடைவேளையில் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். தெரிந்த பாட்டை மனதுக்குள்ளேயே பாடிக் கேட்டுக்கொள்ளலாம், தெரியாததற்குத்தான் காது வேண்டும், மிச்சமிருப்பதை அதற்குச் செலவிடுகிறேன் என்பது அவர் கட்சி.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடன் கேட்ட ஒரு தொடக்கக் குழுவில் இரண்டே பேர். ஒரு கிதார், ஒரு டிரம்ஸ். நான்காவது பாட்டில் கிதாரின் கம்பி அறுந்தது. மாற்றுக் கிதார் இல்லை. டிரம்ஸ் வாசித்தவர் தாளத்தை நிறுத்தாமல் மெல்லக் குறைத்துக்கொண்டே வர, பாடகி கிதாரைக் கீழே வைத்துவிட்டு மீதிப் பாட்டை வெறும் குரலில் பாடி முடித்தாள். பின்வரிசைப் பேச்சொலி ஒவ்வொரு குரலாக அடங்கியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நண்பர் தன் கருவியின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு மேசைக்குப் போய் ஆளுக்கொரு இசைத்தட்டு வாங்கினோம். சில்லறை இல்லாததால் அவள் இரண்டு பனியன்களையும் சேர்த்துக் கொடுத்தாள். அடுத்த ஆண்டே அந்தக் குழு கலைந்துவிட்டது. இசைத்தட்டில் அந்தப் பாட்டு முழுக்கக் கிதாருடன்தான் இருக்கிறது. அதைக் கேட்ட மூன்றாவது ஆளை இன்றுவரை நான் சந்திக்கவில்லை.