அண்டி ஆபீஸ் ஊர்கள்

2011 மக்கள்தொகைக் கணக்கைப் பார்த்தால் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேல் யாருக்கும் பொறாமை வரும். எழுத்தறிவு ஏறத்தாழ 92 விழுக்காடு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஆண்கள் அந்தக் கணக்கில் இல்லை. நகர்ப்புறத்தில் வாழ்வோர் 82 விழுக்காடு, சென்னைக்கு அடுத்தபடி. ரப்பருக்கும் வாழைக்கும் நடுவே கிடக்கும் பேரூராட்சிகளையெல்லாம் நகரம் என்று எண்ணியதால் வந்த கணக்கு அது. கருங்கலும் புதுக்கடையும் அப்படிப்பட்ட நகரங்கள்தான்.

இங்கே காலையில் தூக்குவாளியோடு நடக்கும் பெண்களில் பலர் அண்டி ஆபீசுக்குப் போகிறவர்கள். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கேரளத்தில் கூலி உயர்ந்தபோது கொல்லத்து முதலாளிகள் பலர் எல்லை ஊரான களியக்காவிளைக்கு இப்புறம் ஆலை திறந்தார்கள். கொட்டை பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது, பருப்பு வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. ஊரில் தங்குவது கூலி மட்டும்.

அவித்தோ வறுத்தோ எடுத்த கொட்டையைத் தல்லும்போது, அதாவது தட்டி உடைக்கும்போது, பருப்பு முறியக் கூடாது. முழுப் பருப்புக்குத்தான் விலை. 320 என்று தரம் போட்டால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு நிற்க வேண்டும். அந்த அளவைக் கண்ணாலேயே பிரித்துப் போடுவார்கள் பெண்கள். இதைத் திறமையற்ற வேலை என்று எழுதுகிறவர்கள் அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து பார்க்கட்டும். கொட்டையின் தோட்டில் ஊறும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். சாம்பலைப் பூசிக்கொண்டு தல்லினாலும் விரல் கறுத்துவிடும். போர்மா என்னும் சூட்டறையில் உலர்ந்து வரும் பருப்பின் தொலியை உரிப்பதற்கு எடைக்குத்தான் கூலி.

எங்கள் சித்தி பத்தாம் வகுப்பு தேறியவர். படித்த படிப்புக்கு ஊரில் வேறு வேலை இல்லாததால் இளம் வயதிலேயே தல்லப் போனார். "பெண் பார்க்க வாறவங்க முதல்ல கையத்தான் பாப்பாங்க மக்ளே" என்று அவர் சொன்னது இன்றும் எனக்கு வலிக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு என்று பெருமைப்படும்போது அந்தப் படிப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்றும் கேட்க வேண்டாமா?

கணக்கேட்டில் இந்தப் பெண்களுக்குத் தனிக் கட்டம் கிடையாது. உழவர், விவசாயக் கூலி, வீட்டுத் தொழில் என்று பிரித்த பிறகு மிஞ்சுகிற 'இதர' தொழிலாளர்களில் ஒருத்தி அவள். கொட்டை வராமல் ஆலை மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்து, ஆண்டில் ஆறு மாத வேலைகூடத் தேறாமல் போனால், முதன்மைத் தொழிலாளி என்ற பட்டியலிலிருந்தும் விழுந்துவிடுவாள். பருப்பை வீட்டுக்கு வாங்கி வந்து, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு தொலி உரிப்பவளை வீட்டுக்காரர்களே வேலை இல்லாதவள் என்று சொல்லிவிடுகிறார்கள்.

2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027-க்குத் தள்ளிப்போயிருக்கிறது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது "அவ வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அவள் செய்யும் வேலையைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.