விசிறியின் இரைச்சலும் வெப்பத்தின் கணக்கும்

நாவற்குடாவின் ஒரு பக்கம் வங்கக் கடல். மறுபக்கம் மட்டக்களப்பு வாவி. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் இந்த மணல் நிலத்தில் வாழ்பவர்களுக்குக் காற்றுக்குப் பஞ்சமில்லை என்றே வெளியூர் நண்பர்கள் நினைக்கிறார்கள். ஆனி, ஆடி மாதங்களில் இங்கு வந்து பார்த்தால் தெரியும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று தன் ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் இறக்கிவிட்டு, வெறும் அனலாக எங்கள் முற்றங்களுக்குள் நுழையும். அந்நாட்களில் பகலில் அறைக்குள் 32, 33 பாகை செல்சியஸ் இருப்பது சாதாரணம். மனிதருக்கு மட்டுமல்ல, மேசையிலிருக்கும் மடிக்கணனிக்கும் அது சோதனைக் காலம். கணனியைச் சூடேற்றிக் கெடுத்துவிடாமல் அதன் விசிறி எழுப்பும் இரைச்சலை எப்படிக் குறைப்பது என்பதே இந்தக் குறிப்பின் விடயம்.

அச்சு இயந்திரங்களின் பேரிரைச்சலுக்கு நடுவே வருடக்கணக்காகச் செய்தி எழுதிய ஒருவனுக்கு இந்தச் சின்னச் சத்தம் ஒரு பொருட்டா என்று நீங்கள் கேட்கலாம். எழுதுவதற்கு அது இடைஞ்சல் இல்லைதான். கேட்பதற்குத்தான் இடைஞ்சல்.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த மக்களுள் 158 பேர் இராணுவத்தினரால் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. அவ்வாறு மகனைப் பறிகொடுத்த தாயொருவர் தம் வாயால் சொல்வதைப் பதிவு செய்துவைக்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருக்கும் அவருடைய மகள் விரும்பினார். என் வீட்டில், என் மடிக்கணனி வழியாக, தாயும் மகளும் காணொளி அழைப்பில் பேசினார்கள். அவர்களுடைய பேச்சுக்கு இடம்விட்டு நான் முற்றத்தில் இருந்தேன். அம்மாவுக்கு எண்பது வயது தாண்டிவிட்டது; குரல் மிகத் தாழ்ந்தது. பிறகு பதிவைக் கேட்டபோது முதல் இருபது நிமிடங்கள் தெளிவாக இருந்தன. அதன்பின் விசிறி எழும்பிவிட்டது. “புள்ள, அண்ணன் போகக்குள்ள…” என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தின் மீதி அந்த இரைச்சலுக்குள் போய்விட்டது. அப்படியானதொரு வாக்கியத்தை “இன்னொருக்காச் சொல்லுங்கம்மா” என்று கேட்பது இலகுவான காரியமல்ல.

இரைச்சலை நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஆனால் மெல்லிய குரல் விசிறியின் சத்தத்துக்குள் அமிழ்ந்துபோகும் இடத்தில் அவை இரண்டையும் பிரித்தறியத் தடுமாறுகின்றன. விசிறியோடு சேர்த்துச் சொல்லின் கடைசி எழுத்துகளையும் வெட்டிவிடுகின்றன. ஆகவே இரைச்சல் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைப்பதுதான் வழி.

இதற்குப் பலரும் முதலில் நாடும் வைத்தியம், விசிறியின் வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கும் மென்பொருளை நிறுவுவது. அது காய்ச்சல்காரனின் வெப்பமானியை உடைப்பதற்கு ஒப்பானது. விசிறி தன் விருப்பத்துக்குச் சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் புரொசெசரின் வெப்பத்தைப் பார்த்தே அதன் வேகம் தீர்மானிக்கப்படுகிறது. புரொசெசர் ஏறத்தாழ 100 பாகையை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; அதற்கும் மிஞ்சினால் கணனி அணைந்துபோகும். இடைப்பட்ட காலத்தில் அருகிலிருக்கும் மின்கலம் அந்தச் சூட்டில் வெந்து தன் ஆயுளை இழக்கும்.

வெப்பத்தின் கணக்கு எளிமையானது. விசிறி அறைக்காற்றைத்தான் உள்ளே இழுக்கிறது. அறையைவிடக் குளிர்ந்த காற்றை அதனால் உண்டாக்க முடியாது. லண்டனில் 20 பாகை அறையொன்றில் 75 பாகையில் நிற்கும் கணனி, அதே வேலையை, அதே விசிறி வேகத்தில், நாவற்குடாவின் 32 பாகை அறையில் செய்தால் ஏறத்தாழ 87 பாகைக்கு ஏறிவிடும். குளிர்நாட்டில் முணுமுணுக்கும் அதே இயந்திரம் இங்கே கத்துவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நமக்குச் சாதகமான இன்னொரு கணக்கும் உண்டு. விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் வேகத்துக்கு ஏற்பவே கூடும், குறையும். சத்தமோ அதைவிட மிக வேகமாக மாறும். வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் சத்தம் ஏறத்தாழ 5 டெசிபெல் குறையும். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகக் குறைந்தால் 10 டெசிபெல் குறையும்; நம் காதுக்கு அது பாதியாகிவிட்டதுபோலக் கேட்கும். ஆகவே விசிறியை நிறுத்த வேண்டியதில்லை. அதன் சுமையைச் சிறிது இறக்கிவைத்தாலே போதும். அது தானாக அடங்கும். சுமையை இறக்க இரண்டு வழிகள்: வெப்பம் வெளியேறும் பாதையைத் துப்புரவாக்குவது, வெப்பத்தையே குறைவாக உண்டாக்குவது.

முதலாவதற்காகக் கல்லடியில் ஒரு திருத்தகத்துக்குப் போனேன். அங்கிருந்த தம்பி கணனியை இயக்கி, திருப்புளியின் முனையை அதன் முதுகில் ஊன்றி, பிடியைத் தன் காதோடு சேர்த்து வைத்துக் கேட்டார். எனக்கு உடனே நினைவுக்கு வந்தது எங்கள் வாவிதான். நிலவுக் காலத்தில் கல்லடிப் பாலத்தருகே தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீருக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்து மீன்களின் பாட்டைக் கேட்பது இந்த ஊரின் பழக்கம். காற்றில் கரைந்துபோகும் ஒலியைத் திடப்பொருள் பத்திரமாகக் காதுக்குக் கொண்டுவரும்.

“சேர், கரகரப்பு இல்ல. வெறும் காத்துச் சத்தம்தான். ஃபேன் நல்லா இருக்கு, பாதைதான் அடைச்சிருக்கு” என்றார் தம்பி. கரகரப்போ கிறீச்சிடலோ கேட்டால் விசிறியின் தாங்கி தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது விசிறியை மாற்றத்தான் வேண்டும். வெறும் காற்றிரைச்சலாயின் பிழை வேறெங்கோ இருக்கிறது.

முதுகு மூடியைத் திறந்தபோது, விசிறிக்கும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல்நிறக் கம்பளித் துண்டுபோலத் தூசி படிந்திருந்தது. வெளியிலிருந்து ஊதினால் இது எளிதில் போகாது. கடற்காற்றில் வரும் உப்பு ஈரத்தை உறிஞ்சித் தூசியை ஒட்டவைத்துவிடுகிறது. மோட்டார் சைக்கிள் கழுவும் இடங்களின் காற்றழுத்த இயந்திரத்தை இதற்குப் பயன்படுத்துவோர் உண்டு. அதன் அழுத்தம் மிக அதிகம். காற்றோடு தண்ணீர்த் துளிகளும் வரும். மென்மையான தூரிகையும் கையால் அமுக்கி ஊதும் இறப்பர்க் குமிழும் போதுமானவை. ஊதும்போது விசிறியின் இதழை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுப்பாடின்றிச் சுழன்றால் அது பழுதடையலாம். புரொசெசருக்கும் செப்பு வெப்பக்குழாய்க்கும் இடையே பூசப்பட்டிருந்த பசையும் காய்ந்து வெடித்திருந்தது. அதைத் துடைத்துவிட்டு, ஒரு பயற்றின் அளவு புதிய பசை வைத்தார் தம்பி.

இரண்டாவது வழியை எனக்குக் காட்டித் தந்தது மின்வெட்டு. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாதிருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மின்சாரம் போய் மின்கலத்தில் ஓடத் தொடங்கியதும் என் கணனியின் விசிறி அடங்கிவிடுவதை அப்போது கவனித்தேன். செய்துகொண்டிருந்த வேலையோ தடைப்படவில்லை. மின்கலத்தைச் சேமிப்பதற்காகக் கணனி தன் வேகத்தின் உச்சத்தைத் தவிர்த்துவிடுகிறது, அவ்வளவுதான்.

அந்த உச்சத்தில்தான் வெப்பத்தின் பெரும்பகுதி பிறக்கிறது. வேகம் கூடக்கூட மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டும். செலவாகும் மின்சாரமோ மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். கடைசிப் பத்து வீத வேகத்துக்காக நாம் கொடுக்கும் வெப்ப விலை மிக அதிகம். பெரிய நிறுவனங்களும் இந்தச் சுவரில் முட்டியே திரும்பின. 2004இல் இன்டெல் நிறுவனம் 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தைக் கைவிட்டது. ஒற்றை மூளையை மேலும் மேலும் விரட்டுவதை விட்டு, ஒரே சில்லில் ஒன்றுக்கு மேற்பட்ட மூளைகளை நிதானமாக ஓடவைக்கும் பாதைக்குத் திரும்பியது. 2020இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 மக்புக் எயாரில் விசிறியே இல்லை. நீண்டநேரம் கடுமையான வேலை கொடுத்தால் அதுவும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெப்பத்தின் கணக்கிலிருந்து யாருக்கும் விலக்கில்லை.

வின்டோஸ் கணனிகள் பலவற்றில் மின்சக்தி அமைப்புகளுக்குள் புரொசெசரின் உச்ச நிலை 100 வீதம் என்று இருக்கும். அதை 99 என்று மாற்றினால், பெரும்பாலானவற்றில் உச்ச வேகப் பாய்ச்சல் நின்றுவிடும். கட்டுரை எழுதவும் இணையம் பார்க்கவும் காணொளியில் பேசவும் அதன்பின் எஞ்சும் வேகம் தாராளம். அந்த அமைப்பு தென்படாத புதிய கணனிகளில், தயாரிப்பாளர் தரும் ‘அமைதி’ நிலையைத் தெரிவுசெய்யலாம். பதிவு செய்யும் வேளையில் தேவையற்ற பக்கங்களையும் மென்பொருள்களையும் மூடிவைப்பதும் இதே கணக்கில் சேரும்.

மூன்றாவதாக ஒரு செலவற்ற வேலை உண்டு. கட்டிலிலும் தலையணையிலும் வைத்தால் மடிக்கணனியின் அடிவயிற்றுத் துளைகள் அடைபட்டுவிடும். பலகையில் வைத்து, பின்பக்கத்து இரு மூலைகளுக்கும் கீழே இரண்டு சோடாப் போத்தல் மூடிகளைச் செருகினால் காற்று தாராளமாக நுழையும். கச்சான் அடிக்கும்போது யன்னலுக்கு நேரே வைக்காதிருப்பது நல்லது. காற்றோடு மணலும் வரும்.

இவை அனைத்தையும் செய்தபின் காணொளி அழைப்பின்போது முன்னர் 90ஐத் தாண்டிய வெப்பம் 75க்கும் 80க்கும் இடையில் நிற்கிறது. விசிறி இப்போதும் சுழல்கிறது. அருகே குனிந்தால்தான் கேட்கும். சில வாரங்கள் கழித்துத் தாயும் மகளும் மறுபடியும் பேசினார்கள். யாரும் கேட்காமலே, பேச்சோடு பேச்சாக, அம்மா அந்த இடத்துக்கு வந்தார். அந்த வாக்கியம் இப்போது முழுமையாக இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் நெடுநேரம் மௌனமாக இருந்ததும் அப்படியே பதிவாகியிருக்கிறது. அது அந்தக் குடும்பத்துக்குரியது, இங்கே எழுதுவதற்கில்லை.

நண்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். சத்தம் கேட்டதும் விசிறியின் மேல் கைவைக்காதீர்கள். முதலில் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருளொன்றைக் கொண்டு பாகையைப் பாருங்கள். பிறகு மூடிகளைச் செருகுங்கள். அதன்பின் 100ஐ 99 ஆக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் முதுகைத் திறந்து துப்புரவாக்குங்கள். ஒவ்வொரு படியிலும் பாகை இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாகை இறங்கி அதனால் சத்தம் அடங்கினால் மகிழலாம்; பாகை ஏறும்போது சத்தம் மட்டும் அடங்கினால் அஞ்ச வேண்டும். எங்களைப்போல் கடலோரத்தில் இருப்பவர்கள் வருடந்தோறும் சித்திரையில், கச்சான் தொடங்கும் முன்னரே, இந்தத் துப்புரவை முடித்துவிடுவது நல்லது.